ஒரு மாத்திரை கூடுதல்

அப்புத்தளையில் ஏறி
ஜன்னலோரம் இடம் பிடித்து
ஏழாம் தரத்து விடைத்தாள்களை மடியில் விரித்தேன்.
இரண்டாம் தவணை. கட்டுரைக்குப் பத்துப் புள்ளி.
'என்னால் மறக்க முடியாத நாள்.'

லோகிதாசன் எழுதியிருந்தான்:
'அப்பா கோச்சியில கொழும்புக்குப் போன நாள்.
கோச்சி வளைவில திரும்புற வரைக்கும் கை காட்டினார்.
பிறகு கோச்சி மட்டும் வந்தது.'

மூன்று இடத்திலும் சிவப்புக் கோடு இழுத்தேன்.
ஓரத்தில் என் குண்டு எழுத்தில்:
'புகையிரதம் என்க. கொச்சை தவிர்க்க.'
மூன்று புள்ளி போயிற்று.
அடுத்த தாள்.

இதல்கஸ்ஹின்னவுக்கு முந்திய வளைவில்
தேயிலைக்கு நடுவே ஒரு பொடியன்
நழுவும் காற்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி
மறுகையை ஆட்டித் துள்ளினான்:
"கோச்சி! கோச்சி!"

எதிர் ஆசனத்து வெள்ளைக்காரி நிமிர்ந்தாள்.
"கொச்சி?"

வடைக்காரரின் கூடையைக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.
ஓம், கொச்சி மிளகாய்தான் போட்டிருக்கும்,
உறைக்கும், கவனம்
என்றேன் எனக்கு வந்த ஆங்கிலத்தில்.
அவள் சிரித்தாள். தலையாட்டினாள்.
என் சிவப்புப் பேனையை வாங்கி
டிக்கெட்டின் முதுகில் ஒரு வண்டி வரைந்தாள்.
நான்கு சில்லு. இரண்டு குதிரை.
பெட்டி குலுங்கியதில்
ஒரு குதிரைக்கு மூன்று கால்தான்.

பெயர் இல்டிகோ. ஊர் ஹங்கேரி.
அங்கே கொச் என்று ஒரு கிராமம்,
சில்லு செய்கிறவர்கள் இருந்த இடம்.
கொச்சி என்றால் கொச்சைச் சேர்ந்தது,
நாங்கள் பண்டாரவளையான் என்கிற மாதிரி.
அந்த ஊர் வண்டி நன்றாக ஓடியது.
ஓடி ஓடி, ஊர்ப் பெயரே வண்டிக்குப் பெயராயிற்று.
ஜெர்மன்காரன் வாயில் நசுங்கி
பிரெஞ்சுக்காரன் வாயில் வழுக்கி
ஆங்கிலத்தில் 'கோச்' ஆகி நின்றபோது
கடைசி எழுத்து விழுந்திருந்தது.

பிறகு அது கப்பல் ஏறியிருக்கும்.
பிறகு தண்டவாளம் ஏறியது.
இந்த மலையைக் குடைந்தவர்களுக்கு
முதல் வகுப்பில் ஆசனமா கிடைத்தது?
சொல் கிடந்தது. எடுத்துக்கொண்டார்கள்.
விழுந்த 'இ'யைத் தேடிப் பார்க்காமலே ஒட்டினார்கள்.
குறிலை நெடிலாக்கினார்கள்.
ஒரு மாத்திரை கூடுதல்.
இவ்வளவு ஏற்றத்துக்கு அது கூட வேண்டாமா?

தமிழ் வாத்திச்சி நான்.
மாத்திரை என்றால் எனக்குக் காது நிமிரும்.

பரீட்சைக்குப் பிள்ளைகளை இழுத்துப்போகிறவரையும்
கோச் என்பார்களாம் என்றாள்.
சனிக்கிழமை டியூஷன் எடுக்கிற நானும்
அந்தக் கிராமத்து வண்டிதான் அப்படியென்றால்.
ஏற்றியவனையே இறக்கிவிட்ட வண்டி.

குகை வந்தது. இருட்டு.
பெட்டி முழுக்கக் கூவென்று கத்தியது, அவளும் கத்தினாள்.
கத்தாமல் யோசித்தேன்:
புகையிரதம்.
புகை சரி. ரதம்?
அதுவும் குதிரை பூட்டிய வண்டிதானே.
ஒரு வண்டியை வெட்டி
மேலே இன்னொரு வண்டியை எழுதிவைத்திருக்கிறேன்.

வெளிச்சம் வந்ததும்
லோகிதாசனின் தாளைத் தேடி எடுத்தேன்.
பையன் என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டாள்.
அப்பா, கோச்சி, கொழும்பு
வரை சொல்லிவிட்டேன்.
மூன்றாவது வசனத்தில் என் ஆங்கிலம் நின்றுவிட்டது.
நான்கு நாளாகக் கையில் வைத்திருந்த அந்த வசனத்தை
அப்போதுதான் வாசித்தேன்.

ஒஹியாவில் மூடுபனி.
பையைத் தோளில் போட்டு இறங்கினாள்,
டிக்கெட்டைக் கேட்டவரிடம்
குதிரைப் பக்கம் தெரிய நீட்டினாள்.

வண்டி நகர்ந்த பிறகுதான் பார்த்தேன்,
பேனையும் அவளோடு போயிருந்தது.
நானுஓயா வந்ததும்
கடலைக்காரரிடம் ஒரு நீலப் பேனை இரவல் வாங்கி
மூன்று புள்ளியைக் கூட்டினேன்.
சிவப்புக் கோடுகள் இருக்கின்றன.
என்ன சொல்லப்போகிறேன் திங்கட்கிழமை அவனிடம்,
தெரியவில்லை.